ரோமனைப் போகச் சொன்னவர்

லியோனல் அண்ணையைப் பற்றி, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரெபெக்ச்சர் என்கிற விசாக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் முதலில் தேடுவது அவரைத்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிரெஞ்சில் இருப்பதைத் தமிழில் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். ஒரு தேத்தண்ணிக்கு மேல் எவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். மனைவி காலமாகிவிட்டா. மகள் ஆனைஸ் பொர்தோவில் இருக்கிறாள். மனிதர் மார்க்ஸ் டோர்மோயில் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. காலை அவசரம் முடிந்து, மத்தியானக் கொத்துரொட்டிச் சத்தம் தொடங்குவதற்கு முன் அவர் வருவார். சுவரோரம் உள்ள மேசைதான் அவருக்கு. ஒரு காது சரியாகக் கேட்காது என்பதால் தொலைபேசியை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அவர் வீட்டு விஷயம் முழுக்கக் கடைக்கே தெரியும். நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது, அந்தச் சத்தத்துக்குச் செவிடனும் திரும்பிப் பார்ப்பான்.

அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. அது அவருடைய அப்பா. அப்பா பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய், ஒரு பதக்கத்தோடும் பென்சனோடும் திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவர்களை அங்கே சொல்தா என்பார்களாம். அந்த மனிதர் படையில் சேரக் கையெழுத்துப் போட்டதால்தான் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது, அதனால்தான் தான் பாரிஸில் கால் வைத்தேன் என்று அண்ணை நூறு தடவை சொல்லியிருப்பார். போர் நினைவு நாளான நவம்பர் பதினோராம் திகதி கோட்டில் அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் தெருவில் இறங்கினால் பிள்ளையை எந்த அறையில் ஒளிப்பது என்று யோசித்த ஊர்க்காரி நான். ஆனால் வடை தின்ன வந்த மனிதரோடு அதையெல்லாம் பேசி மல்லுக்கட்ட முடியுமா?

அவருடைய சித்தப்பா படைக்குப் போகவில்லை. காரைக்காலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்து அங்கேயே இருந்துவிட்டார். அந்தச் சித்தப்பாவின் மகள் மதலேன். அவள் இந்தியக் குடிமகள், அண்ணை பிரெஞ்சுக் குடிமகன். ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்படி இரண்டு கடவுச்சீட்டில். மதலேனின் ஒரே மகன் ரோமன், இருபத்து மூன்று வயது, மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். எப்படியாவது மாமாவிடம் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. அண்ணை எத்தனையோ வழி பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை.

போன வருடம் கும்பகோணத்தில் ஓர் ஏஜென்ட் ரோமனிடம் ஒரு வழி சொன்னான். ஐரோப்பாவின் அந்தப் பக்கத்தில் போர் நடக்கிற ஒரு நாட்டில் படைக்குச் சமையலுக்கும் பண்டசாலைக்கும் ஆள் வேண்டும், ஒரு வருடம் வேலை செய்தால் குடியுரிமை தருவார்கள், அங்கிருந்து பிரான்சுக்கு வருவது சுலபம் என்று. பெடியன் மாமாவைக் கேட்டான். மாமா அந்த ஏஜென்டையே தொலைபேசியில் பிடித்து விசாரித்தார். ஏஜென்ட் ஒன்றையும் மறைக்கவில்லை. படை வேலைதான், சீருடை உண்டு, ஆனால் சண்டைக்கு அனுப்பமாட்டார்கள் என்றான். அண்ணைக்கு அது போதுமாக இருந்தது. தன் அப்பாவுக்குத் திறந்த கதவு இந்தப் பெடியனுக்கும் திறக்கிறது என்று நினைத்துவிட்டார். பாண்டிச்சேரிச் சொல்தா குடும்பத்துக்காரர் ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் இப்படி ஒரு நினைப்பு வருமா சொல்லுங்கள்!

மதலேன் படை என்றால் விடமாட்டாள். ஆகவே மாமனும் மருமகனும் சேர்ந்து அவளுக்கு ஓட்டல் வேலை என்று சொன்னார்கள். அவள் அண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்டாள். அவர் போகட்டும் என்றார். அவ்வளவுதான், அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, கடையில் நாலைந்து பேர் இருக்க, அண்ணை ஒரு குரல் பதிவைத் திறந்தார். சத்தம் வழக்கம்போலக் கடை முழுக்கக் கேட்டது. "மாமா, இங்க சமையல்கட்டு எதுவும் இல்ல மாமா. துப்பாக்கி குடுத்துட்டாங்க. நாளைக்கு சண்டை நடக்குற எடத்துக்கு அனுப்புறாங்களாம். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டார்கள். அண்ணை எவர் முகத்தையும் பார்க்கவில்லை. தொலைபேசியைத் தடவித் தடவி அணைக்கப் பார்த்தார், விரல் தவறிப் பட்டதில் அது திரும்பவும் முதலில் இருந்து கத்தத் தொடங்கியது. நான் ஓடிப்போய்ப் பறித்து அணைத்தேன். அன்றைக்குத்தான் ஏஜென்டோடு தான் கதைத்ததையும் மதலேனிடம் பொய் சொன்னதையும் அவர் என்னிடம் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தொலைபேசியை அவர் முன்னால் தொப்பென்று வைத்தேன்.

அதற்குப் பிறகு ரோமனிடம் இருந்து சத்தமே இல்லை. யாரோ ஒரு கூட்டாளிப் பெடியன் சீருடையோடு ரோமன் நிற்கிற படம் ஒன்றை மதலேனுக்கு அனுப்பிவிட்டான். அவள் கும்பகோணம் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள், ஹரிப்பிரியா என்றொரு இளம் வக்கீலையும் பிடித்தாள். அந்த நேரத்திலும் அவள் அண்ணையைத் தொலைபேசியில் எடுத்து அவருக்கு ஆறுதல் சொன்னதுதான் கொடுமை. ஓட்டல் என்று சொல்லி அந்தப் பாவி உங்களையும் ஏமாற்றிவிட்டானே, நீங்கள் மனசை விடாதீர்கள் என்றாள். அண்ணை ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல் இரண்டும் சிவந்துபோயின. நான் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் உள்ளே போய்விட்டேன், பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு வக்கீல் பெண் எடுத்தாள். வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலில் போட்ட ஒரு சட்டம் இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறதாம். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்றின் வேலைக்கு ஆள் சேர்ப்பதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அரசாங்கத்துக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. தடையை மீறிப் போனால், ஆளை அனுப்பிவைத்தவன் மட்டுமல்ல, போகும்படி தூண்டியவனும் குற்றவாளி. அந்தச் சட்டத்தில் வழக்கு நின்றால், எங்கள் ஆளைக் கள்ளமாகச் சேர்த்தீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று அந்த நாட்டிடம் கேட்கும்படி டெல்லியை நெருக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. தன் இராச்சியத்து ஆட்களைப் பக்கத்து இராசா கொண்டுபோகக்கூடாது என்று வெள்ளைக்காரன் போட்டிருப்பான், எங்கள் பிள்ளைகள் சாகக்கூடாது என்றா போட்டிருப்பான்? என்றாலும் மதலேனுக்குப் பிடித்துத் தொங்க வேறு ஒரு கொப்பும் இருக்கவில்லை.

"ஏஜென்ட் என்ன சொல்றான்னா சார், டூரிஸ்ட் விசா எடுத்துக் குடுத்ததோட சரி, பையன் அங்க போய் தானா சேர்ந்துட்டான்னு. மிலிட்டரி வேலைன்னு அவன் வாயால சொல்லி யாராவது கேட்டிருந்தா கேஸ் நிக்கும். நீங்க அவன்கிட்ட பேசினீங்களாமே? அவன் என்ன வேலைன்னு சொன்னான்?"

அண்ணை பேச்சை மாற்றினார். தூண்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அவள் விளக்கினாள். திரும்பவும் அதையே கேட்டார். நீங்கள் பயப்படாதீர்கள், நீங்கள் சாட்சிதான், உங்கள் மேல் வழக்கு வராது என்றாள் அவள், பாவம். பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்து வைத்தால் போதும், அது வழக்கோடு சேரும், மதலேன் அம்மாவுக்கும் ஒரு பிரதி போகும் என்றாள். அண்ணை யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அவர் யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். இன்றைக்குத் தலையிடி, நாளைக்குத் தூதரகத்தில் சனக்கூட்டம். கைதான ஏஜென்டுக்குப் பிணை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் அவர் அசையவில்லை. அவருக்குச் சிறைப் பயம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. மதலேன் தன்னை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்த ஒன்றை அவரால் விட முடியவில்லை. ஒரு பெடியனுடைய உயிரைவிடத் தன் மரியாதை பெரிதாகப் போயிற்று. கடைசியில் ஒரு காலை அவருக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்துத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

"அண்ணை, எங்கடை சனத்துக்குக் காகிதம் எழுதிக் குடுத்துப் புண்ணியம் தேடினது போதும். உங்கடை பெடியன் அங்கை சாகக் கிடக்கிறான். நீங்கள் இஞ்சை இருந்து மானத்தைக் காப்பாத்துறியள். அவளுக்கு இப்ப எடுத்துச் சொல்லுங்கோ. இல்லாட்டி இந்தக் கடைப் படி ஏறாதேங்கோ."

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். வயது போன மனிதர், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு எடுத்தார். வழக்கம்போல ஸ்பீக்கர். நான் கடைக் கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பிவிட்டேன்.

எல்லாம் சொன்னார். அவன் ஏமாற்றவில்லை, படை வேலை என்று என்னிடம் தெளிவாகச் சொன்னான், ஓட்டல் என்று உன்னிடம் சொன்னது நான்தான் என்றார். குரல் பதிவு வந்ததையும் சொன்னார். மதலேன் வைத்துவிட்டாளோ என்று நான் எட்டித் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி பயமா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னானாண்ணே?" என்று கேட்டாள்.

"சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்தா வீட்டுப் புள்ள பயப்படலாமாடான்னு கேட்டேன்."

மதலேன் மெல்லச் சொன்னாள். "ஏர்போர்ட்ல எங்கிட்டயும் அதத்தான் சொன்னான். புது ஊராச்சே, பயமா இல்லியாடான்னேன். சொல்தா வீட்டுப் புள்ள பயப்படலாமாம்மான்னான். ஓட்டலுக்குப் போறவன் என்ன பேச்சுப் பேசுறான்னு நான் சிரிச்சேன். நாங்க சொல்தா வீடு இல்லியேண்ணே. எங்கப்பா போகலியே."

அண்ணை தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன், நன்றாகத் திட்டட்டும் என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. வக்கீலம்மா காத்துக்கொண்டிருக்கிறார், நேரத்தோடு போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் அன்றைக்கே தூதரகத்துக்குப் போனார். கேட்டதற்கும் சொன்னார், கேட்காததற்கும் சொன்னாராம். வழக்கு இப்போது நிற்கிறது, ஏஜென்ட் திரும்பவும் உள்ளே இருக்கிறான். டெல்லிக்கு மனுப் போயிருக்கிறது. ரோமன் இன்னும் வரவில்லை.

லியோனல் அண்ணை பழையபடி கடைக்கு வருகிறார். மதலேன் வழக்கு விஷயமாக அவரை அழைக்கிறாள். நாள் எப்போது, வக்கீல் என்ன சொன்னார், எந்தத் தாள் வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்கிறாள். அவர் ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசியையும் காதுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை.