நாங்கள் சுத்தம் செய்த மூலை

களையக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூடக் குனிந்து நடைபாதை இடுக்கில் முளைத்த களையைப் பிடுங்குகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மருத்துவமனையின் துணிக்கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவர் பிழைப்பு. ஆறு நாள் தையல் மெஷின், ஏழாம் நாள் பூங்காவின் பின்மூலை. "பேசாம நீ அந்தச் செடிங்களையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பார் அவர் வீட்டுக்காரர். அதற்குள் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன் அந்த மூலையை எங்கிருந்தோ வந்த ஒரு முட்புதர் மொத்தமாக விழுங்கியிருந்தது. அதை வேரோடு எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மறுபடி கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, முதுகுவலி உண்டு. அக்காவைச் சேர்த்து நான்கு பேர்: லாரி ஓட்டுநர், கணக்கு வாத்தியார், செல்போன் ரிப்பேர் செய்கிற நான். எங்கள் மூவருக்கும் ஆர்வத்துக்குக் குறைச்சலில்லை. பொறுமைதான் கிடையாது.

இந்த வருடம் பூங்கா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் வண்டி நிறுத்தமாக்கிவிடுவார்கள். முந்தின நாள் ஞாயிறு பார்த்து, உடன் வேலை செய்கிறவள் வராததால் அக்காவுக்கு இரண்டு ஷிப்ட். இடத்தைத் தயார் செய்வதை எங்களிடம் விட்டுவிட்டார்.

நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். கோடை முடியும் நேரம். இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாகக் காய்ந்த தண்டுகள்.

"இதைப் பார்த்தா எவன் கையெழுத்துப் போடுவான்?" என்றார் ஓட்டுநர்.

"எல்லாத்தையும் எடுத்துடுவோம். அக்கா வந்து பார்த்தா அசந்துடணும்" என்றேன் நான். ஆமாம், யோசனை என்னுடையது. பிடுங்கினோம், கூட்டினோம், பதினொரு சாக்கு கட்டினோம். மறுநாள் விடிந்ததும் குப்பை லாரி அள்ளிக்கொண்டு போனது.

அக்கா வேலையிலிருந்து நேராக வந்தார். விரலில் நூல்கூடச் சுற்றியிருந்தது. வெறும் மண்ணைப் பார்த்தார்.

"சாக்கு எங்கே?"

"லாரி கொண்டு போயிடுச்சுக்கா."

"விதை எல்லாம் அந்தத் தண்டுலதானே இருந்துச்சு, தம்பி."

அவை ஒரே பருவம் வாழும் செடிகள். காய்ந்து நின்று, மழைக்குச் சற்று முன்தான் விதையை உதிர்க்கும். நான்கு வருடங்களாகக் கூடவே இருந்தும் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அக்காவும் அலுப்பில் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். ஒரு சுற்று நடந்தார். முகம் மலர்ந்துபோனது.

"போன தடவை காடு மாதிரி இருந்துச்சும்மா. இப்பதான் பார்க்கிற மாதிரி இருக்கு. இந்த இடத்தை மூணு வருஷத்துக்கு உங்களுக்கே எழுதித் தரேன். இதே மாதிரி வெச்சுக்குங்க."

அக்கா உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி போனதும் ஓட்டுநர் இடம் தப்பித்த சந்தோஷத்தில் கைதட்டிவிட்டார். வாத்தியார் முறைக்கவும் நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, என்னைத் திட்டிடுங்க" என்றேன். நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டால் மனசு ஆறும் போலிருந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "இனிமே விதைக்கு எங்க போறதுன்னு தெரியல. மூணு வருஷத்துல விட்ட இடத்துக்கு வந்தாலே பெருசு."

"வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சுடலாம்க்கா."

"நீங்க வாங்க, தம்பி. நான் வரலை. நான் தூங்கணும்."

நான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் தானாக விட்டவரில்லை.