கால்மாட்டில் ஓடும் ஈப்போ ரயில்

என் மருமகன் ரயில் விளையாடுகிறார். விளையாட்டு என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "மாடல், அத்தை" என்பார். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்து, நடு அறை மேசைமேல் ஈப்போ ஸ்டேஷனையே கட்டிவிட்டார். பெயர்ப்பலகையும் அதே கணக்கில் எழுதியது, ஒருவராலும் வாசிக்க முடியாது. எழுத்தே தெரியாத எனக்கும் பெரிய படிப்பு படித்த அவருக்கும் அந்தப் பலகை ஒன்றுதான்.

அடுத்த ஊரான செமோர் ஸ்டேஷன் மட்டும் ஒரு முழத்தில் வந்துவிடுகிறது.

"கணக்குப்படி அது தெருமுனை காப்பிக்கடையத் தாண்டியில்ல மாப்ள இருக்கணும்?"

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் அத்தை."

ரயிலை மறைக்கிறதென்று ரப்பர் மரங்களையும் பாதியாக நறுக்கிவிட்டார். நான் பால் மரம் வெட்டிய தோட்டத்தில் இப்படிக் குட்டை மரம் நின்றிருந்தால் ஏணி தூக்கி அலைந்திருக்க மாட்டேன், தோள்பட்டையாவது தப்பித்திருக்கும். ஆனால் பெட்டிகளின் நீளத்தில் மட்டும் ஒரு நூல் குறைக்க மாட்டார். அந்த நீளப் பெட்டிகளோ மூலையில் திரும்பாமல் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கமுந்திங்கிலிருந்து அவருடைய ரயில் கூட்டாளிகள் பார்க்க வருகிறார்கள். ஒரு சுற்றாவது ஓடாவிட்டால் மானம் போய்விடும்.

"குட்டைப் பெட்டியா மாட்டுங்களேன்."

"பொம்மை ரயிலுன்னு சிரிப்பாங்க அத்தை."

"இப்ப மட்டும்?"

அடுக்களையில் மகள் சிரித்தது கேட்டது. மருமகன் பலகைத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என் கட்டில்.

"இதுல ஒரு ஓட்டை போட்டா உங்க கால்மாட்டுல அகலமா சுத்தி வந்துரும் அத்தை. ப்ளீஸ் லா."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெளியே காட்டுவேனா?

"போடுங்க. ஆனா என் ரூமுக்கு வர்ற ரயிலு எனக்கு வெத்தலை கொண்டாரணும்."

"இந்தப் பெட்டியில வெத்தலை நுழையாது அத்தை!"

"நுழையிற பெட்டியா மாட்டுங்க."

பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு அவரே போய், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வண்டி வாங்கி வந்தார். அதற்குச் சக்கரம் மாற்றினார், கொக்கி வளைத்தார், ஓட்டையை இன்னும் உயரமாக வெட்டினார்.

ஞாயிறன்று கூட்டாளிகள் மூன்று பேரும் என் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கட்டிலில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓட்டை வழியாக இன்ஜின் எட்டிப் பார்த்தது. நீளப் பெட்டிகள் ஒன்றுகூடக் கவிழாமல் வளைந்து வந்தன. கடைசியில் வெற்றிலையோடு சிவப்பு வண்டி, தடுப்பை உரசிக்கொண்டு.

"அண்ணே, அது என்னா வண்டி?"

"அது... தண்டவாளம் ரிப்பேர் பண்ற வண்டி" என்றார் மருமகன்.

நான் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மூவரில் மூத்தவர் சிரிக்கவில்லை. மெல்ல என் பக்கம் வந்தார்.

"எங்க வீட்டுலயும் மூலையில திரும்ப மாட்டேங்குதும்மா. அந்தாண்ட மாமியார் ரூமு. அவங்க வெத்தலை போடுறதில்ல. என்னா ஏத்தலாம்?"

"அவங்களையே கேளுங்க தம்பி. ஆனா வண்டிய மட்டும் பெருசா வாங்கிக்குங்க."