யூதர் தெருவில் மகளைத் தேடிய ஞாயிறு

லண்டனின் கிழக்குப் பக்கத்தில், ஆல்ட்கேட்டிலிருந்து பிரிக் லேன் வரைக்கும் உள்ள தெருக்கள் ஒரு காலத்தில் யூதர்களின் தெருக்கள். அங்கே போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாத ஞாயிறு. அப்போது நான் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் இருந்த யூத அம்மா அந்தத் தெருக்களில் பிறந்தவர். தன் தாய் தகப்பன் ஒற்றைப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கிய கதையை அடிக்கடி சொல்லுவார். ஒற்றைப் பையோடு கொழும்பில் விமானம் ஏறியவள் நான். அந்த இடத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்றிருந்தது. என் கணவருக்குக் கதையொன்றும் வேண்டாம். பெட்டிக்கோட் லேன் சந்தையில் தோல் ஜாக்கெட் மலிவு என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் குடியிருந்த பிளேஸ்டோவில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் எடுத்தால் எங்கும் மாறாமல் ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கலாம். கால் மணி நேரம் போதும். காலை ஒன்பதரைக்கு நாங்கள் பிரிக் லேனில் நின்றோம்: நான், அவர், ஐந்து வயது மகள் மயூரி. அந்தத் தெருவில் ஒரு மசூதி இருக்கிறது. முதலில் அது கிறிஸ்தவர்களின் கோயில், பிறகு யூதர்களின் கோயில், இப்போது வங்காளி முஸ்லிம்களின் மசூதி. கட்டடம் அதேதான், வந்து கும்பிடுகிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். தெருவின் மேல் முனையில் பேகல் என்ற யூத ரொட்டி விற்கும் கடை. பார்த்தால் உளுந்து வடை, கடித்தால் பாண். மயூரி இரண்டு சாப்பிட்டாள்.

அங்கிருந்து பெட்டிக்கோட் லேன் பத்து நிமிட நடை. அப்பப்பா, என்ன சனம்! இவர் ஒரு ஜாக்கெட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். கடைக்காரன் நாற்பத்தைந்து பவுண் என்றான், இவர் இருபது என்றார். நான் துணி பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் பிள்ளை இல்லை.

"இஞ்சருங்கோ, பிள்ளை எங்கை?"

"உம்மோடை எல்லோ நிண்டவள்?"

"உங்கடை கையிலை எல்லோ விட்டனான்!"

அவர் முகம் வெளுத்துப்போனது. ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பொலிஸ்காரனைத் தேடிச் சந்தையின் ஒரு பக்கம் ஓடினார். நான் மற்றப் பக்கம். "மயூரி, மயூரி" என்று கத்தினேன். ஒருத்தி "என்ன நிறச் சட்டை?" என்று கேட்டாள். பெற்ற தாய்க்கு அது வாயில் வரவில்லை. கடவுளே, இவ்வளவு தூரம் தப்பி வந்தது இதற்குத்தானா என்று அந்தத் தெருவில் நின்று அழுதேன்.

சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய சந்து. ஏன் அதற்குள் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அங்கே திறந்திருந்த ஒரு கதவின் படியில், சுவரோரமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக சின்னக் கால்களுக்கான இரண்டு சிவப்புச் சப்பாத்து. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசலில் அவள் கழற்றி வைப்பது அப்படியேதான். உயிர் போய் உயிர் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே யூதர்களின் பழைய கோயில். காலைத் தொழுகை முடிந்து, காவலுக்கு இருந்த கிழவர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெரிய பித்தளை விளக்குக்குக் கீழே, முன் வரிசை மர வாங்கில், என் மகள் சப்பணம் கட்டி இருந்தாள். கையில் பிஸ்கட் வேறு! அடிப்பதற்குத்தான் கையை ஓங்கினேன். அது அவளைக் கட்டிப் பிடித்துவிட்டது.

சந்து முனைக்கு ஓடி, எங்களைத் தேடி வந்துகொண்டிருந்த இவரைக் கூப்பிட்டேன். மனுஷன் வந்த வேகத்தில் சப்பாத்தைக் கழற்றினார், தலையிலிருந்த கம்பளித் தொப்பியையும் மரியாதையாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிழவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இங்கே சப்பாத்து காலில் இருக்கலாம், தொப்பிதான் தலையில் இருக்கவேண்டும் என்றார். நல்ல காலம், ஊர்க் கோயிலில் போல இவர் மேல்சட்டையையும் கழற்றவில்லை. அழுத கண்ணோடு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏன் பிள்ளை இதுக்குள்ளை வந்தனீ?" என்று கேட்டேன்.

"உங்களைக் காணேல்லை அம்மா. உள்ளை விளக்கு எரிஞ்சது, கோயில் எண்டு வந்தன். தொலைஞ்சால் கோயிலிலை போய் இருந்தால் எல்லாரும் வருவினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் அப்படி அவளுக்குப் புத்தி சொன்னதே இல்லை. ஊரில் ஷெல் குண்டு விழுந்தபோது ஆளுக்கொரு திக்காகச் சிதறி ஓடி, பிறகு கோயிலில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்ததை, அவள் வாயில் சோறு தீத்தும்போது கதையாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை அதை அப்படியே நம்பிப் பிடித்து வைத்திருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று கிழவர் கேட்டார். இவர் ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள்" என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. ஞாயிறு காலையில் போங்கள், சந்தை மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடும். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அன்றைக்கு அவர்களின் கோயிலைச் சுற்றிப் பார்க்க ஏலாது. ஆண்கள் ஒரு தொப்பி கொண்டு போங்கள். சந்தையில் ஜாக்கெட்டுக்கு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால் பிள்ளையின் கை யாரிடம் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கை தவறினால் எங்கே போய் நிற்கவேண்டும் என்று ரயிலில் இருக்கும்போதே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். என் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நாங்கள் ஊரில் ஷெல்லுக்கு ஓடிய ஓட்டம். உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.