இறங்காத சீட்டு

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருந்த காலமெல்லாம் அவருடைய சைக்கிளை அம்மா யாரையும் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கொல்லைக் கிணற்றில் நீர் இறைத்து அதைத் தேய்த்துக் கழுவுவாள். எங்களைக்கூட அவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை.

அத்தா விடுமுறையில் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரிய பள்ளிக்கூடம் கீழ்வேளூரில். பஸ்ஸை நம்ப முடியாது. "சைக்கிள்ல போறதுன்னா புள்ள படிக்கட்டும், இல்லேன்னா வீட்டுல இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஓட்டத் தெரியும், கால்தான் எட்டாது. சீட்டை இறக்கியாக வேண்டும்.

போல்ட்டைத் தளர்த்தியும் சீட்டு இறங்கவில்லை. அதன் தண்டு குழாய்க்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. அத்தா மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். சுத்தியலால் தட்டினார். கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் என் பள்ளிக்கூடம் இன்னும் தூரமாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

"என்ன மச்சான், அங்க ஒட்டகம் மேச்சீங்களா? கையில தெம்பே இல்லையே!"

"பேசாம புடிடா."

அத்தா சீட்டை இரு கையாலும் பற்றி மூச்சுப்பிடித்துத் திருகினார். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. இன்னொரு திருகலில் தண்டு கையோடு வந்துவிட்டது. நான் குதித்தேன்.

செதில்செதிலாய் உதிர்ந்த துருவை மாமா விரலால் நிமிண்டிப் பார்த்தார். "உப்புத் தண்ணி வேலை மச்சான் இது. நம்ம கெணத்துத் தண்ணிய ஊத்திக் கழுவுன புத்திசாலி யாரு?"

டீயும் பேரீச்சம்பழமும் வைத்த தட்டோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நான்தான்டா" என்றார் அத்தா, யாரையும் பார்க்காமல். "சபருக்குப் போறப்ப கழுவுனேன். சரியாத் தொடைக்கல."

"நல்லாக் கழுவுனீங்க, போங்க!" என்றார் மாமா.

இல்லையே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தா தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் வாய்க்குள் திணித்தார். மண்ணெண்ணெய் மணந்தது.

தண்டைத் தேய்த்து, எண்ணெய் தடவி, இறக்கி மாட்டினார்கள். ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டியது.

அம்மா மறுபடி அடுப்படிக்குப் போய், அத்தாவுக்கு மட்டும் இன்னொரு டீ போட்டுவந்து கையில் கொடுத்தாள். பொய் சொன்னால் எனக்கு அகப்பையால் அடிதான் கிடைக்கும். அத்தாவுக்கு மட்டும் ஏன் இரண்டாவது டீ என்று, பெடலில் கால் வைத்தபடி வெகுநேரம் யோசித்தேன்.