பி.பி. நம்பருக்கு வந்த குரல்

காலை பதினொன்று பத்து. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் நான் முதலில் பார்த்தது, ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு அசையாமல் நின்ற பக்கத்து போர்ஷன் தனசேகரை. போன் மணி அடித்ததும் ரேசரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் ரிசீவரை எடுத்து, "அவர் வீட்ல இல்லைங்க" என்றேன்.

"இருக்காரு சார்" என்றது குரல். "ஷேவ் பண்ணிக்கிட்டிருக்காரு. இன்னும் ஒரு பக்கம் பாக்கி. முடிக்கட்டும், நான் நாளைக்குப் பேசறேன்."

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு அன்றும் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது. நான் ஒரு நாளிதழில் இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தவன். புளியமரத்தில் உருவம் தெரிந்தது, பூட்டிய வீட்டில் கொலுசு கேட்டது என்று நிருபர்கள் அனுப்புவதை நான்கு வரியாக வெட்டி, கடைசியில் 'என்று கூறப்படுகிறது' சேர்த்து உள்பக்கத்தில் போடுவது என் வேலை. இதையும் நீங்கள் அப்படியே வெட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே இரும்புலியூரில் ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நானும் என் மனைவியும், மற்றதில் தனசேகரும் அவர் மனைவி சரோஜாவும். கிணறும் மோட்டாரும் பொது. போன் எங்கள் வீட்டில் மட்டும், அதுவும் அலுவலகம் கொடுத்தது. அன்றைக்கு போனுக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் பக்கத்து வீட்டு நம்பரைத் தன் நம்பராகக் கொடுத்து ஓரத்தில் பி.பி. என்று எழுதிவிடுவார்கள். போன் இருக்கும் வீட்டுக்காரர் எடுத்து, சுவருக்கு மேலே எட்டிப்பார்த்துக் கூப்பிட்டுவிட வேண்டும். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை.

தனசேகர் வேலை பார்த்த தொழிற்சாலை லாக்அவுட். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி மொபெட் எடுத்து, கடை கடையாக டீத்தூள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதத் தவணை நின்றுபோனது. சரோஜாவுக்கு அது தெரியாது. சானடோரியம் பக்கம் ஓர் ஆடை கம்பெனியில் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். அந்த வாரம்தான் அழைப்புகள் ஆரம்பித்தன. ஞாயிறு தவிர தினமும், பதினொன்று பத்துக்கு.

"ஃபைனான்ஸ்லேருந்து பேசறேன் சார். பக்கத்து வீட்டுத் தனசேகரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

மரியாதையான குரல். மிரட்டல் இல்லை, வசவு இல்லை. இரவு வேலை முடித்து முதல் ரயிலில் வந்து தூங்குகிற எனக்கு அதுவே பெரிய தொல்லை.

"எனக்கு இந்தப் பொய்யெல்லாம் சரிப்படாது சேகர்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"இன்னா சார் நீங்க, பேப்பர்ல வேலை பாத்துக்கினு இப்படிச் சொல்றீங்க" என்று சிரித்தார். ஆனால் மணி அடித்தால் முகம் வெளுத்துவிடும். எங்கேயாவது போய் மறைந்துகொள்வார்.

அந்தச் சோப்பு நுரைக்குப் பிறகு குரல் தினமும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. "நீல லுங்கியைக் காயப்போடறாரு சார்." "கட்டில் அடியில டீத்தூள் மூட்டைக்குப் பின்னால படுத்திருக்காரு சார், தும்மல் வந்துடப்போகுது." நம்பினால் நம்புங்கள், ரிசீவரை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், மூட்டைக்குப் பின்னால்தான் இருந்தார்.

யாரோ வேவு பார்க்கிறார்கள் என்றுதான் முடிவு செய்தேன். தொழில் புத்தி, விசாரித்தேன். ஒரு பக்கம் கருவேலம் மண்டிய காலி மனை, பின்னால் குட்டை. எங்கள் கொல்லையைப் பார்க்கக்கூடிய மாடி எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே போன் ரயில்வே கேட் அருகே எஸ்.டி.டி. பூத். அங்கே உட்கார்ந்திருந்த பெண், "பதினோரு மணிக்கா? அந்நேரம் ஈ ஓட்டிக்கினு கீறேன், யாரும் வர்றதில்ல சார்" என்றாள்.

ஆறாவது வாரம். முந்தின நாள் நல்ல மழை. மணி அடித்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், வாய் கொப்பளித்துவிட்டு வந்து எடுப்பதற்குள் பத்துத் தடவையாவது மணி அடித்திருக்கும். 'இல்லை' என்று சொல்ல வாய் திறப்பதற்குள் குரல் குறுக்கிட்டது. முதல் முறையாக அவசரமாக.

"சார், மோட்டார் ரூம்ல இருக்காரு. ஓடிப்போய்த் தொட்டுறாதீங்க. முதல்ல மெயினை இறக்குங்க."

மோட்டாருக்கான மெயின் சுவிட்ச் எங்கள் வராந்தாவில் இருந்தது. ஏன் எதற்கு என்று யோசிக்கவில்லை, இறக்கிவிட்டுத்தான் ஓடினேன். மோட்டார் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் முழுக்கத் திறக்கவில்லை, அவர் கால் தடுத்தது. ஒளிந்துகொள்ள வெறுங்காலோடு உள்ளே போய், இருட்டில், ஈரத் தரையில் நின்றபடி கையை ஊன்றிய இடத்தில் தோலுரிந்த வயர். உள்ளங்கை கருகியிருந்தது. மூச்சு இருந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர், இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றார். நேரே தொட்டிருந்தால் நானும் அவர் பக்கத்தில் கிடந்திருப்பேன்.

மாலையில் சரோஜா, "மெயினை நிறுத்தணும்னு எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டார். தோன்றியது என்றேன்.

போன் வந்திருக்காவிட்டால் அவர் அந்த அறைக்குப் போயிருக்கவே மாட்டார் என்பது என் மனைவியின் கட்சி. அதையும் மறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் தனசேகர் தெளிவாகப் பேசினார். சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு, "உங்க நம்பரை நீங்க ஏன் சார் அவங்களுக்குக் குடுத்தீங்க?" என்றார்.

"நானா? நீங்கதானே பி.பி. போட்டுக் கொடுத்தீங்க?"

"சத்தியமா இல்ல சார். நீங்கதான் எங்கியோ பேச்சுவாக்குல சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

எனக்கும் அதே கூச்சம்தான். ஆறு வாரம் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் மாடியில் இருந்த அந்த ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். பேசியவருக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தீர்மானம் இல்லை. கணக்கர் ஃபைலை எடுத்தார். விண்ணப்பத்தில் போன் நம்பர் என்ற இடத்தில் தனசேகர் கையெழுத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

"தினம் போன் பண்ணது யாருங்க?" என்றேன்.

"போனா? இன்னா சார் வெளாட்றியா? எங்களுக்கே கனெக்‌ஷன் வரல, எழுதிப் போட்டு நாலு வருசமாவுது. தோ, டேபிளைப் பாரு, இருக்குதா?" இல்லை. "அத்தோட ரெண்டு மாசம்தான பாக்கி. மூணு மாசம் ஆனாத்தான் ஆள் போவும். இன்னும் யாரையும் அனுப்பவேல்ல."

விபத்துக்குப் பிறகு பதினொன்று பத்துக்கு போன் வரவில்லை. கையில் கட்டோடு தனசேகர் வேலைக்குப் போக முடியாததால் மூன்றாவது தவணையும் நின்றது. கணக்கர் சொன்னபடியே ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். வேண்டுமென்றே அவரைப் பேசவிட்டு, குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டைக் குரல். அது அல்ல. சரோஜா ஒரு மாதம் அவகாசம் கேட்டார், அவரும் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

சைக்கிளை எடுக்கும்போது என் பக்கம் திரும்பி, "சார், உங்க வூட்ல போன் கீது போல. பி.பி. நம்பர் குடுத்தா ஃபைல்ல போட்டுக்குவேன், எங்களுக்குக் கனெக்‌ஷன் வந்தா ஒதவும்" என்றார்.

நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.