ஹேண்ட் பிரேக் இல்லாத கார்

எந்தக் காரின் பின்சக்கரத்திலாவது சிவப்புப் பெயின்ட் அடித்த டிஸ்க் பிரேக் கண்ணில் பட்டால், இன்றைக்கும் என் வலது கெண்டைக்கால் தானாக இறுகுகிறது. இப்போது எனக்குச் சொந்த வேன் இருக்கிறது. பனியன் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கி, யாருக்கும் குனியாமல் பிழைக்கிறேன். ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் பழைய முதலாளியின் முகம் முன்னால் வந்து நிற்கும்.

அருள்புரத்தில் கம்பெனி வைத்திருந்தார். ஆறு வருடம் அவருக்குக் கார் ஓட்டினேன். அவருக்கு ஓட்டத் தெரியாது, காரைப் பற்றிப் பேச மட்டும் தெரியும். அவருடைய பங்காளி நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் உள்ள புதுக்கார் ஒன்றை வாங்கினார். எங்கள் காருக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். நன்றாகத்தான் நின்றது, ஒரு குறையும் இல்லை. ஆனால் இவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பல்லடம் ரோட்டில் இருந்த மெக்கானிக் பாயிடம் போய், பின்னாலும் டிஸ்க் மாட்டியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

பாய் டிரம்மைக் கழற்றினார். லேத்தில் பிராக்கெட் அடித்து வாங்கி, உடைத்துப் போட்ட பெரிய கார் ஒன்றின் டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரையும் பொருத்தி, வெளியே தெரியும்படி சிவப்புப் பெயின்ட் அடித்தார். பொருத்தும்போதே சொன்னார்: “முதலாளி, ஹேண்ட் பிரேக்கு டிரம்முக்குள்ள இருந்ததுங்க. இந்தக் கேலிப்பர்ல அந்தக் கேபிளை மாட்ட எடமே இல்லீங்க. ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா வேற செட்டு தேடித் தர்றேன்.”

“ஹேண்ட் பிரேக்கு எதுக்குங்க பாய்? அதான் டிரைவர் இருக்கறானே!” என்று சிரித்தார் முதலாளி. நானும் சேர்ந்து இளித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்கப்புறம் மேடான இடத்தில் கார் நின்றால் பிரேக்கை மிதித்தபடி நானும் உள்ளேயே இருக்க வேண்டும். கியரில் போட்டு நிறுத்தலாம் என்றால், கியர்பாக்ஸ் கெட்டுப்போகுமாம். சக்கரத்துக்குக் கல் வைக்கலாம் என்றால், “லாரி மாதிரி இருக்கும், நாலு பேர் பாத்தா அசிங்கம்” என்பார். ஒரு நாளும் அதட்டியதில்லை. அதுதான் கொடுமை. “கண்ணு, பத்தே நிமிசம் மிதிச்சுட்டு இரு சாமி” என்று தேனாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வரும்போது எனக்குக் கால் மரத்துப் போயிருக்கும். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை வராது.

சாமளாபுரத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நான் ஒரே தாய்மாமன். தோடு எடுத்து முந்தின நாளே கொடுத்தாயிற்று. குழந்தையை மடியில் உட்கார வைப்பது ஒன்றுதான் பாக்கி. அதே நாளில் காங்கேயம் பக்கம் ஒரு மலையடிவார மண்டபத்தில் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரு வாரம் முன்பே அவரிடம் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் சொன்னேன். காலையில் வண்டி எடுக்கும்போதும் சொன்னேன். “முகூர்த்தம் முடிஞ்சதும் நீ பஸ் ஏறிக்க கண்ணு. நான் யார் வண்டியிலயாச்சும் வந்துக்கறேன்” என்றார்.

கீழே சமதளத்தில் இடம் இருந்தது. சிவப்பு டிஸ்க் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்று மண்டப வாசலுக்கு ஏறும் சரிவிலேயே நிறுத்தச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் பங்காளியின் புதுக்கார் வந்து நின்றது. முகூர்த்தம் முடிந்தது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். மூன்று முறை போன் செய்தேன். “இதா வந்துட்டேன் கண்ணு.” அவ்வளவுதான் பதில். பிறகு தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, ஆசாரி நேரமாச்சு, கெளம்பறேன்னுட்டாரு. அதான் பெரியப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்தியாச்சு. நீ மெதுவா வா” என்றாள். போனில் அவளுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

இனி எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நாலாவது முறையாகப் போன் செய்தேன். “பின்னால என்னமோ சத்தம் வருதுங்க. ஒரு நிமிசம் வந்து பிரேக்கை மிதிச்சீங்கன்னா நான் கீழ பாத்துக்குவேன்” என்றேன். டிஸ்க்குக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பட்டுச் சட்டையோடு ஓடி வந்தார். பிரேக்கில் அவர் காலை வைத்தபின் என் காலை எடுத்து, இடம் மாறிக்கொண்டோம். சாவியை உருவிக்கொண்டு நேராக எதிர்ப்புற டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

காலை எடுத்தால் கார் பங்காளியின் கார்மேல் போய் விழும். கியர் போட அவருக்குத் தெரியாது. ஹாரன் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஏசி இல்லை. வியர்வையில் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பந்தி முடிந்து வந்த உறவுக்கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஆகா, நான் நிதானமாக இரண்டு டீ குடித்தேன். கடைசியில் பங்காளியின் டிரைவர் வந்து சக்கரத்துக்குக் கல்லை வைத்து அவரை இறக்கிவிட்டார். சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை, இன்றுவரை தோன்றவில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்ததென்று விட்டிருப்பேன். அதே தேன் குரலில், “ஏங் கண்ணு, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?” என்றார்.

“இன்னிக்குக் காதுகுத்துங்க” என்றேன்.



“காதுகுத்தா? யாருக்கு கண்ணு?” என்று கேட்டார்.