வேன் அக்காவுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர் பத்தொன்பது வருடத்தில் ஏறத்தாழ பதினோராயிரம் தாள்களில் முத்திரை குத்தியிருக்கிறாள். அதில் ஒரே ஒரு மனுவைத்தான் முத்திரை குத்திய பிறகு மறுபடி எழுதினாள்.

தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் நடுவே மொழிபெயர்ப்பது அவள் தொழில். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் வரும். ஸ்பானிஷ் அவளுக்குச் சரக்கு வழியாக வந்த மொழி. இருபத்துமூன்று வயதில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கடிதப் பிரிவில் சேர்ந்து, பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். ஒருமுறை செல்லுபடியான வாக்கியத்தில் மறுபடி கை வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சொந்தக் கடை போட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கணினியில் நானூறு வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். வேலை வந்தால் அதிலிருந்து எடுத்து ஒட்டுவாள்.

"எங்க கடையில ரெண்டு ஜெராக்ஸ் மிஷின்" என்பார் முன்மேசையில் நகல் எடுக்கும் கணவர். "ஒண்ணு இது. இன்னொண்ணு உள்ள உக்காந்து காபி குடிக்குது."

அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று காலை பதினொன்றரைக்கு வேன் அக்கா வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. வண்டிச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு ஒரு உறையை நீட்டினாள்.

"வந்து ஒன்பது நாள் ஆச்சு மேடம். நல்ல சேதின்னு நெனச்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் மனசு கேக்கல."

விஷயம் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்கெனவே தெரியும். வேன் அக்கா வீட்டு மாடியில் ஸ்பானிஷ் பேசும் ஒரு பெண் கைக்குழந்தையோடு குடியிருந்தாள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது அவள் படுத்த படுக்கையானாள். ஒரு வருடத்தில் போய்விட்டாள். அதற்கப்புறமும் ஐந்து வருடம், மொத்தம் ஆறு வருடம், பாப்பா வேன் அக்காவிடம் வளர்ந்தாள். போன வருடம் தாயின் தங்கை வந்து தங்கள் நாட்டுக்குக் கூட்டிப் போனாள். நல்ல பெண்தான், அடிக்கடி போனில் பேச வைத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவை பேசிய பிறகும் பிள்ளை சாப்பிடாமல் அழுதது. இரண்டு மாதத்தில் போனை நிறுத்திவிட்டாள். வாரம் ஒரு நாள் பிள்ளையோடு பேசவாவது அனுமதி வேண்டும் என்று அந்த ஊர் நீதிமன்றத்துக்கு வேன் அக்கா மனுப் போட்டாள். அதை ஸ்பானிஷில் எழுதியது இவள்தான்.

உறையைப் பிரித்துப் படித்தாள். நீதிமன்ற நோட்டீஸ். மனுதாரர் குழந்தையுடன் தொடர்பில் இருந்தவர் என்று மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது, அது போதாது, வேறு சொல்ல இருந்தால் எழுதலாம். கெடு அன்றைக்கே முடிகிறது.

பழைய மனுவின் நகலைத் தேடி எடுத்தாள். தமிழில் வேன் அக்கா சொல்லியிருந்தது: "பாப்பா என் கையில வளர்ந்தவ." ஸ்பானிஷில் இருந்தது: ஆறு ஆண்டுகளாகத் தடையற்ற 'கொந்தாக்தோ', அதாவது தொடர்பு, இருந்தது. இரண்டு கம்பெனிகள் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதைச் சொல்லும் வாக்கியம். சரக்குக் கோப்பிலிருந்து ஒட்டியது.

"தப்பு என்னோடது அக்கா" என்று தொடங்கி, ஒளிக்காமல் சொன்னாள்.

வேன் அக்கா சத்தம் போடவில்லை. "ஏம்மா, பாப்பா என்ன உங்க கப்பல் பெட்டியா?" என்றாள்.

முன்மேசையில் நகல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அந்த இடத்தில் போடத்தக்க சொற்களை எழுதினாள். 'ரெலாசியோன்' உறவுதான், ஆனால் முதலாளிக்கும் வேலையாளுக்கும் பொருந்தும், பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கும் பொருந்தும், அடித்தாள். 'கொனெக்சியோன்' இணைப்பு, இளவட்டங்கள் மனசு ஒட்டுவதற்கும் சொல்வார்கள்தான், ஆனால் நீதிமன்றத் தாளில் டெலிபோன் கம்பி மாதிரி நிற்கும். 'லாசோ' முடிச்சு, கட்டு. படிக்கிறவருக்குக் கண் கலங்கலாம், கதவு திறக்காது. 'வின்குலோ' பிணைப்பு, கனமான சொல். அரசாங்கத் தாளில் அதைப் பார்த்ததும் ஆதாரம் எங்கே, ரத்தமா பதிவா என்று கேட்பார்கள்.

"இத்தனை எதுக்கு? அம்மான்னு போடுங்க. அவங்க பாஷையில அதுக்கு வார்த்தை இல்லையா?"

"இருக்கு. போட்டா பொய்யாயிடும் அக்கா."

"ஆறு வருஷம் பொய்யா?"

"அது இல்ல. பாப்பாவோட பிறப்புச் சான்றிதழை நான்தான் ஸ்பானிஷுல மாத்திக் குடுத்தேன். அதுல பெத்தவங்க பேர் இருக்கு. அந்த இடத்தை நீங்க எடுத்துக்கப் போறீங்களா?"

வேன் அக்கா சாவிக்கொத்தை உருட்டினாள். "அவ போட்டோவைத் தினம் காட்டுவேன். இதுதான்டி உன் அம்மான்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

"பாப்பா உங்கள எப்படிக் கூப்பிடுவா?"

"வேன். அக்காகூடக் கெடையாது. 'வேன், பசிக்குது.' அவ்வளவு திமிரு."

கணவர் வெளியிலிருந்து சிரித்தார். வேன் அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் நோட்டீஸை மறுபடி முதலிலிருந்து படித்தாள், இம்முறை எழுத்தெழுத்தாக. மூன்றாம் பத்தியில் சட்டத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள்: பிள்ளையோடு பேசவும் பார்க்கவும் கேட்கிற உரிமை உறவினருக்கும் உண்டு, 'அயெகாதோ'வுக்கும் உண்டு. பெண்ணானால் அயெகாதா. சரக்குக் கடிதங்களில் ஒருநாளும் வராத சொல், அவள் கோப்பில் இல்லை. ரத்தமும் இல்லாமல் பதிவும் இல்லாமல், கிட்ட வந்து சேர்ந்துவிட்ட ஆள்.

அதைச் சொன்னாள்.

"அப்போ நான் அம்மா இல்லேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"ஆமாக்கா. போட்டாத்தான் உங்கள உள்ள கூப்பிட்டுக் கேப்பாங்க."

"நாளைக்கு அவ பெரிசாகி இதைப் படிச்சா?"

மொழிபெயர்ப்பாளர் பேனா மூடியைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டேகாலைத் தாண்டியது. இரண்டரைக்குப் பள்ளி விடும்.

"எழுதுங்க" என்றாள் வேன் அக்கா கடைசியில். "ஆனா வெறும் கிட்ட வந்தவள்னு விட்டுடாதீங்க. என்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல இவள் நேராக ஸ்பானிஷில் எழுதினாள், எங்கிருந்தும் எதையும் ஒட்டாமல். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பாப்பாவுக்கென்று தைத்த சின்ன மெத்தை. மருந்தென்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளை, ஹாரன் அடித்தால் மட்டும் திறப்பது. தாய் கிடந்த மருத்துவமனைக்கு வாரத்தில் நாலு நாள் தூக்கிப் போனது. முடி வெட்டக் கற்றுக்கொண்டு கோணலாக வெட்டியது. 'வின்குலோ' ஒரே இடத்தில் வந்தது, பாசத்தால் ஆனது என்ற அடைமொழியோடு. முடித்ததும் வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொன்னாள். அயெகாதா வந்த இடத்தில் வேன் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

ஒன்று நாற்பதுக்குக் கடிதம் மின்னஞ்சலில் போனது. திங்கட்கிழமை பதில் வந்தது: மனுதாரரை நேரடியாகக் கேட்பதாக, காணொளித் திரை வழியாக, அடுத்த மாதம் பதினான்காம் தேதி. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மனுதாரரே கொண்டுவர வேண்டும். பத்தொன்பது வருடமாகத் தாளோடு மட்டுமே பேசிவந்த இவள் அன்றைக்கு முதல்முறையாக ஒரு நீதிபதியின் முன் வாய் திறக்கப் போகிறாள்.